ஒராண்டாவுக்கு வாயில் வெள்ளை: தனித்தொட்டியில் கேப்சூல் போட்டும் மோசமாகிறது, என்ன செய்ய?

குடந்தை ஒராண்டா
சனி, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டடித் தொட்டி. அதில் மூன்று வருடமாக ஒரு சிவப்பு ஒராண்டா வகைக் கோல்ட் ஃபிஷ், மகள் அதற்குத் தக்காளி என்று பெயர் வைத்திருக்கிறாள். துணைக்கு ஆளில்லையே என்று போன ஞாயிறு சின்னதாக இரண்டு கோல்ட் ஃபிஷ் வாங்கிவந்து, பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டிக்குள் திறந்துவிட்டேன். புதன்கிழமை தக்காளியின் உதட்டில் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை. கடையில் கேட்டால் பூஞ்சை என்றார்கள், மெத்திலீன் ப்ளூ கொடுத்தார்கள், ஹீட்டரை 30இல் வைக்கச் சொன்னார்கள். இரண்டையும் செய்தேன். வியாழன் காலையில் முதுகுத் துடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வெளிறிவிட்டது, குதிரைக்குச் சேணம் போட்ட மாதிரி. பயந்துபோய் 20 லிட்டர் டப்பில் தனியாக விட்டு, ஹீட்டரையும் அதற்கே மாற்றி, தெரிந்தவர் சொன்னார் என்று டெட்ராசைக்ளின் 500 கேப்சூலைப் பிரித்து நாளுக்கு ஒன்றாகக் கொட்டுகிறேன். இன்று மூன்றாவது நாள். தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கிறது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மருந்தைக் கூட்டவா, வேறு மருந்து மாற்றவா?

மயூர கப்பி
சனி, இரவு 10.52

கேப்சூலைத் தூக்கிப் போடுங்க அண்ணே. கல் உப்பு ஒரு கைப்பிடி, நாட்டு வாதுமைச் சருகு நாலு, முடிந்தது. இங்கிலீஷ் மருந்து மனுஷனுக்கே ஒத்துக்கொள்வதில்லை, மீனுக்கு எப்படி?

மன்னை மீன்காரன்
சனி, இரவு 11.05

கைப்பிடி என்றால் யார் கை தம்பி?

குடந்தைக்காரரே, மருந்துக் கதை அப்புறம். டப்பில் ஃபில்டர் இருக்கிறதா? வியாழனிலிருந்து தண்ணீர் மாற்றினீர்களா? அம்மோனியா பார்த்தீர்களா? ஹீட்டர் இன்னும் ஓடுகிறதா? அந்த வெள்ளை பஞ்சு மாதிரி தண்ணீரில் ஆடுகிறதா, தோலோடு தட்டையாக ஒட்டியிருக்கிறதா? நான் தூங்கவில்லை, பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குடந்தை ஒராண்டா
சனி, இரவு 11.31

ஏர் ஸ்டோன் மட்டும்தான், ஃபில்டர் இல்லை. தண்ணீர் மாற்றவில்லை, மாற்றினால் மருந்து போய்விடுமே என்று விட்டுவிட்டேன். ஹீட்டர் ஓடுகிறது, வெப்பமானி 31 காட்டுகிறது. வெள்ளை ஆடவில்லை, தட்டையாக இருக்கிறது, ஓரத்தில் லேசாக மஞ்சள். அம்மோனியா கிட் பக்கத்துத் தெருப் பையனிடம் வாங்கிப் பார்த்தேன், மருந்து நிறம் கலந்து சரியாகத் தெரியவில்லை, ஆனால் கடும் பச்சைதான். பி.எச். 8.

மன்னை மீன்காரன்
சனி, இரவு 11.58

நினைத்தேன். இப்போது உங்கள் மீனைக் கொன்றுகொண்டிருப்பது நோய் பாதி, டப் பாதி.

முதலில் ஹீட்டரைப் பிடுங்குங்கள். 30இல் வைப்பது வெள்ளைப்புள்ளி நோய்க்குச் சொல்கிற வைத்தியம், அது ஒட்டுண்ணி. நீங்கள் சொல்கிற தட்டை வெள்ளை, மஞ்சள் ஓரம், முதுகில் சேணம், இதெல்லாம் சேர்ந்தால் எனக்குக் காலம்நாரிஸ் நினைப்புதான் வருகிறது. அது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும். வாய்ப் பூஞ்சை என்று கடையில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். நிஜப் பூஞ்சை என்றால் பஞ்சு இழை இழையாக நின்று தண்ணீரில் அசையும்.

அடுத்து அம்மோனியா. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கும். பெரிய தொட்டியில் ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா அதைத் தின்றுவிடும். உங்கள் டப்பில் அது இல்லவே இல்லை, இருந்திருந்தாலும் நீங்கள் போட்ட கேப்சூலுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மருந்தைப் பெரிய தொட்டியில் போடாதே, தனித்தொட்டியில் போடு என்று சொல்வதற்கே முதல் காரணம் இதுதான், ஆனால் தனித்தொட்டி என்றாலே தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும் என்கிற மறுபாதியை யாரும் சொல்வதில்லை. பி.எச். ஒன்று ஏறினால் அம்மோனியாவில் நஞ்சாக இருக்கிற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும், சூடு ஏறினாலும் கூடும். உங்களிடம் இரண்டும் ஏறித்தான் இருக்கிறது. போதாததற்கு 31 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும். மேலே வந்து வாயைத் திறக்காமல் என்ன செய்யும்?

இன்றிரவே பாதித் தண்ணீர் மாற்றுங்கள். காலையில் இன்னொரு பாதி. குழாய்த் தண்ணீர் என்றால் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) போட்டுக் குளோரினை எடுத்துவிட்டு ஊற்றுங்கள், மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வருகிற ஜூன் மாதத்தில் குளோரின் வாடை கூடவே அடிக்கும். ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் விடுங்கள். டப்பைத் தரையில் இறக்கி, ஈரத் துணி சுற்றி, மேலே ஃபேன் ஓட்டினால் மெல்ல மெல்ல இரண்டு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைப் போட்டுவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

உப்பு பற்றி மயூர தம்பி சொன்னது முழுத் தப்பு இல்லை. லிட்டருக்கு 1 கிராம், அதாவது உங்கள் டப்புக்கு 20 கிராம், தராசில் போட்டு. அயோடின் கலந்தது வேண்டாம், கல் உப்பு போதும். அது மீனுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுக்கும். நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெரிய தொட்டியிலும் அம்மோனியா பாருங்கள். மெத்திலீன் ப்ளூவும் ஃபில்டர் பாக்டீரியாவை விட்டுவைக்காது. மருந்து இருக்கிற வரை ஃபில்டரில் கார்பன் வைக்கக் கூடாது, அது மருந்தைப் பிடித்துக்கொள்ளும்; மருந்தை எடுக்கும்போது வைக்கலாம்.

குடந்தை ஒராண்டா
ஞாயிறு, காலை 6.20

இரவு ஒரு மணிக்குப் பாதி மாற்றினேன், இப்போது இன்னொரு பாதி. மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. வெள்ளை அப்படியே. பெரிய தொட்டியில் புது மீன் ஒன்று காலையில் செத்துக் கிடந்தது, இன்னொன்று மூலையில் சாய்ந்து நிற்கிறது. இரவு 2 மணிக்குக் கரண்ட் வேறு ஒரு மணி நேரம் போனது, கையால் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

மன்னை மீன்காரன்
ஞாயிறு, காலை 6.45

பார்க்கட்டும். 2018இல் கஜா அடித்தபோது எங்கள் ஊரில் கரண்ட் வர நாள்கணக்கானது. வீட்டில் மூன்று பேர் முறை வைத்துச் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றித்தான் பாதி மீனைக் காப்பாற்றினோம். அப்புறம்தான் பேட்டரி ஏர் பம்ப் வாங்கினேன். நீங்களும் ஒன்று வாங்கிவிடுங்கள்.

நாகை உப்பங்கழி
ஞாயிறு, காலை 8.10

இறால் பண்ணையில் தண்ணீர் பார்க்கிற வேலை எனக்கு, அதனால் கேப்சூல் பற்றி மட்டும் பேசுகிறேன். டெட்ராசைக்ளின் குடும்பம் முழுக்கவே கால்சியம், மெக்னீசியத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. மனிதர்களுக்கு அந்த மாத்திரையைப் பாலோடு போடாதே என்று சொல்வதும் இதனால்தான். உங்கள் தண்ணீர் போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? பக்கெட்டில் வெள்ளைப் படலம் படிகிற தண்ணீர் என்றால், நீங்கள் 20 லிட்டருக்கு 500 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 25 மில்லிகிராம் போட்டதில் பெரும்பங்கு சுண்ணாம்போடு கட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். வெளிச்சம் பட்டாலும் சிதையும், அந்த டிகாக்ஷன் நிறம் அதனால் வந்தது. அதற்கு மேல் மருந்தைக் கூட்டுவது சேற்றில் விதை தெளித்துவிட்டு முளைக்கவில்லையே என்று இன்னொரு மூட்டையைக் கொட்டுகிற மாதிரி.

இன்னொன்று, கடையில் சின்னப் பொட்டலத்தில் மஞ்சள் தூள் தருவார்கள். அதில் பல நேரம் நைட்ரோஃப்யூரசோன் இருக்கும். தொட்டி மீனுக்கு வேலை செய்யும் மருந்துதான். ஆனால் நைட்ரோஃப்யூரான் வகையும் குளோராம்ஃபெனிக்காலும் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை, எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பிவிடும், அந்தத் தலைவலியை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிடுகிற மீன் இருக்கிற குளம் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், வெறுங்கையால் கலக்கவும் வேண்டாம்.

மயூர கப்பி
ஞாயிறு, காலை 9.02

சார், நீங்கள் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நான் 11 வருடமாகக் கப்பி விடுகிறேன், மாடியில் 40 தொட்டி. குட்டி சுணங்கினால் ஒரு கேப்சூல் தட்டிவிடுவேன், இரண்டு நாளில் சரியாகும். எதற்கு இவ்வளவு கணக்கு?

மன்னை மீன்காரன்
ஞாயிறு, காலை 9.15

நேற்று இங்கிலீஷ் மருந்து ஆகாது என்றீர்கள், இன்று 11 வருடமாகத் தட்டிவிடுகிறேன் என்கிறீர்கள்.

மயூர கப்பி
ஞாயிறு, காலை 9.20

அது அவருக்குச் சொன்னது அண்ணே, எனக்கு அனுபவம் இருக்கிறது.

ஒரத்தநாட்டு மாடு
ஞாயிறு, காலை 10.30

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன், மீன் எனக்குப் பக்கத்துப் பாடம்தான், சீனியர் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். மயூர அண்ணனுக்கு முதலில். இரண்டு நாள் போட்டு நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கெட்ட வழி. பலமில்லாத கிருமி சாகும், தாக்குப்பிடித்தது தங்கும், அடுத்த தடவை அதே கேப்சூல் வேலை செய்யாது. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945இல் நோபல் உரையில் இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறார். உங்கள் 40 தொட்டிக்கும் ஒரே வலையைத்தானே போடுகிறீர்கள்?

குடந்தை அண்ணனுக்கு. நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பதே அரிது, உடம்புக்குள் தானாகப் புகுகிற தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் அதற்கு வேலை. அதனால் தண்ணீரில் கலக்கிற மருந்து தோலுக்கும் செவுளுக்கும் ஓரளவு உதவும், உள்ளே போவது கம்மி. மீன் வாய் திறந்து தின்னுகிற வரை தீவனத்தில் மருந்து கலந்து கொடுப்பதுதான் நல்லது. தின்னாத மீனுக்குத்தான் தண்ணீர் மருந்து. தக்காளி தின்கிறதா?

எந்த மருந்து என்பதும் முக்கியம். காலம்நாரிஸும், புண் வரவைக்கிற ஏரோமோனாஸும் கிராம் நெகட்டிவ் என்கிற பாக்டீரியா வகை. தொண்டை வலிக்குக் கொடுக்கிற எரித்ரோமைசின் பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் வகைக்குத்தான் ஆகும், அதைப் போட்டால் காசும் ஃபில்டரும்தான் போகும். மெட்ரோனிடசோலும் இதற்கு இல்லை.

மூலையில் சாய்ந்து நிற்கிற புது மீனை உயிரோடு தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுபோய், மைக்ராஸ்கோப் வைத்திருக்கிற டாக்டரிடம் காட்டுங்கள். செத்து நேரமான மீனில் எல்லாக் கிருமியும் ஏறிவிடும், எது காரணம் என்று தெரியாது. புண்ணிலிருந்து லேசாகச் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால், காலம்நாரிஸ் என்றால் நீளநீளமான பாக்டீரியா ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து குவிந்து நிற்கும். பாடப் புத்தகத்திலேயே வைக்கோல் போர் என்றுதான் அதற்கு உவமை, நம் ஊர்க்காரனுக்குப் படம் போட்டு விளக்கவே வேண்டாம்.

சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்காதீர்கள், ஆன்டிபயாட்டிக் எல்லாம் டாக்டர் சீட்டுக்குத்தான். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள், மீன் காசநோய்க் கிருமி என்று ஒன்று உண்டு, காயம் வழியாக மனிதன் தோலுக்கும் வரும்.

வெண்ணாற்றங்கரை
ஞாயிறு, மதியம் 1.40

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குத் தொட்டி கிடையாது, கிராமத்தில் குளம் இருந்தது. விராலுக்குப் புண் வந்த காலம் ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது? 1988இல் வடகிழக்கில் தொடங்கி, சில வருடத்தில் நம் பக்கம் வாய்க்கால், குளம் எல்லாம் வந்துவிட்டது. விரால், கெண்டை, கெளுத்தி, எதைப் பிடித்தாலும் உடம்பில் ரூபாய்க் காசு அளவு சிவப்புப் புண். சந்தையில் மீன் வாங்க ஆளில்லை. நாங்களும் யாரோ சொன்னார்கள் என்று மாட்டுக்கு வாங்கிவைத்த மருந்தைத் தவிட்டில் பிசைந்து போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, அதற்கு மூலகாரணம் பூஞ்சை மாதிரியான ஓர் உயிர், அஃபனோமைசிஸ் என்கிறார்கள். பாக்டீரியா பின்னால் வந்து புண்ணில் குடியேறுவதுதான். எங்களுக்குக் கைகொடுத்தது சுண்ணாம்பு. அதனால் அந்த மாணவர் சொல்கிறபடி முதலில் என்னவென்று பாருங்கள் தம்பி.

குடந்தை ஒராண்டா
திங்கள், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. இன்று அரை நாள் விடுப்பு எடுத்தேன். புது மீனை டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன், பக்கத்து சீட் பெரியவர் குழம்புக்கா என்று கேட்டார். டாக்டர் எனக்கும் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். வைக்கோல் போரேதான். தக்காளிக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லி, ஆக்சிடெட்ராசைக்ளின் தீவனத்தில் 10 நாளைக்கு எழுதிக்கொடுத்தார்.

தக்காளி இன்று மூன்று உருண்டை தின்றது. போர் தண்ணீர்தான், கடினம் (கால்சியம், மெக்னீசியம் அளவு) 350 வருகிறது, நாகைக்காரர் சொன்னது சரி.

இப்போது சந்தேகம் அளவில். கேப்சூல் 250 மில்லிகிராம். மீனை நண்பரின் நகைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தோம், தண்ணீரோடு டப்பாவை முதலில் நிறுத்து, அப்புறம் மீனை விட்டு, 80 கிராம். இதற்கு ஒரு கேப்சூலில் எவ்வளவு?

ஒரத்தநாட்டு மாடு
திங்கள், இரவு 10.05

டாக்டர் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், அதுதான் கணக்கு. அமெரிக்காவில் பண்ணை மீன் தீவனத்துக்கு அனுமதித்திருக்கிற அளவு மீனின் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 55 முதல் 83 மில்லிகிராம். உங்கள் 80 கிராம் மீனுக்கு அது 4.4 முதல் 6.6. நடுவில் 5 என்று வையுங்கள். ஆக ஒரு 250 கேப்சூல் தக்காளிக்கு 50 நாள் மருந்து! நீங்கள் நாளுக்கு 500 கொட்டிக்கொண்டிருந்தீர்கள்.

கலப்பது இப்படி. மீன் நாளுக்குத் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு தின்னும் என்று கொண்டால் 0.8 கிராம் தீவனம். அதில் 5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்றால், 10 கிராம் தீவனத்துக்கு 62.5 மில்லிகிராம், அதாவது கேப்சூல் தூளில் சரியாகக் கால் பங்கு. நகைத் தராசு கைவசம் இருக்கிறதே, தூளை நான்காகப் பிரிக்க அதையே கேளுங்கள். வேகவைத்த பட்டாணியும் வழக்கமான தீவனமும் மசித்து, ஜெலட்டின் கரைசல் வெதுவெதுப்பாக ஆறின பிறகு மருந்தைக் கலந்து, தட்டில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்து, பொடிப்பொடியாக வெட்டிக் கொடுங்கள். டப்பாவில் மருந்து என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பால் சேர்த்துவிடாதீர்கள், காரணம் மேலே நாகை சார் சொல்லிவிட்டார்.

மன்னை மீன்காரன்
திங்கள், இரவு 10.20

தின்றுவிட்டால் மருந்து உள்ளே போய்விடும், இனி தண்ணீரை எவ்வளவு மாற்றினாலும் நஷ்டமில்லை. தினமும் பாதி மாற்றுங்கள், மிச்சம் கிடக்கிற தீவனத்தை உறிஞ்சி எடுங்கள். வேறு எதுவும் செய்யாதீர்கள். ரொம்ப முக்கியமாக, புதிதாக எதையும் ஊற்றாதீர்கள்.

குடந்தை ஒராண்டா
அடுத்த வியாழன், இரவு 8.30

பத்தாம் நாள் முடிந்தது. நாலாம் நாள் உதட்டு வெள்ளை உதிர ஆரம்பித்தது, ஆறாம் நாளுக்கு மேல் முதுகில் புதுத் தோல். துடுப்பில் ஒரு ஓரம் பிய்ந்தது பிய்ந்ததுதான். இரண்டாவது புது மீன் டாக்டரிடம் போய்வந்த மறுநாளே போய்விட்டது. ஆறாம் நாளே மீன் நன்றாக இருக்கிறதே, நிறுத்திவிடலாமா என்று கை அரித்தது, மாணவர் எழுதியது ஞாபகம் வந்து நிறுத்தவில்லை.

மயூர கப்பி
அடுத்த வியாழன், இரவு 8.47

சந்தோஷம் அண்ணே. ஆனால் மருந்தில்தான் சரியானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உப்பும் போட்டீர்கள், தண்ணீரும் தினம் மாற்றினீர்கள், ஹீட்டரையும் எடுத்தீர்கள்.

மன்னை மீன்காரன்
அடுத்த வியாழன், இரவு 9.00

நியாயமான கேள்வி. எனக்குக் கேட்டால், முதல் இரண்டு நாள் உயிரைப் பிடித்து வைத்தது தண்ணீர், அதன் பிறகு புண்ணை ஆற்றியது மருந்து. தண்ணீர் மாற்றாமல் அதே மருந்தைக் கொடுத்திருந்தால் பத்தாம் நாள் வரை மீன் இருந்திருக்காது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐயாறப்பர் தெரு அக்கா
அடுத்த வியாழன், இரவு 9.40

குறுக்கே கேட்கிறேன். தினம் பாதித் தண்ணீர் மாற்றினீர்களே, அந்த மருந்துத் தண்ணீரை எங்கே கொட்டினீர்கள் தம்பி? நான் கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் கொல்லைப் பக்கம் வாய்க்கால், எல்லோர் வீட்டு அழுக்குத் தண்ணீரும் அங்கேதான். குறுவைக்கு அதே தண்ணீர்தான் வயலுக்கு ஏறுகிறது, பிள்ளைகளும் அதில் இறங்குகிறார்கள்.

குடந்தை ஒராண்டா
அடுத்த வியாழன், இரவு 9.52

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, முதல் இரண்டு நாள் கொல்லையில் வாழைக்குத்தான் ஊற்றினேன். யோசிக்கவே இல்லை.

நாகை உப்பங்கழி
அடுத்த வியாழன், இரவு 10.10

நல்ல கேள்வி அக்கா. வாய்க்கால், குளம், கிணற்றடி மூன்றும் வேண்டாம். இந்த மருந்து வெயிலில் சிதையும், அதனால் அகலமான டப்பில் ஊற்றி மொட்டை மாடியில் சில நாள் வெயிலில் விடலாம், கூடவே ஒரு பை கார்பனைப் போட்டு ஏர் விட்டால் மிச்ச மருந்தை அது பிடித்துக்கொள்ளும். அப்புறம் கழிவறையில் ஊற்றுங்கள். மூடி வையுங்கள், காக்கை குடிக்கும், கொசு முட்டையிடும். கண்ணாடியோ கொசு வலையோ போட்டால் வெயிலும் படும்.

குடந்தை ஒராண்டா
வெள்ளி, காலை 7.05

மாடியில் மூன்று டப் வைத்தாயிற்று, கொசு வலை கட்டி. அம்மா வடாம் காயவைக்க இடமில்லை என்று சத்தம் போடுகிறார். டாக்டர் சொன்னபடி தக்காளி இன்னும் இரண்டு வாரம் தனியாகவே இருக்கும், பெரிய தொட்டியை மீனில்லாமல் ஓட்டுகிறேன். ஃபில்டர் பாக்டீரியா திரும்ப வர தினம் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு அம்மோனியா பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்று 0.5.